மூன்றாம் ஓலையும் நூற்று எண்பத்தேழு பேக்கேஜும்

ஒய் என்ற எழுத்தை அமுக்கிய பிறகுதான் ஷைலா கேள்வியைப் படித்தாள்.

பூ பார்டர் வரைகிற ஒரு சின்ன புரோகிராமைத்தான் அவள் மாதா கோயில் பங்கு அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தாள். வெறும் நாலு எம்.பி. ஆனால் அது தனியாக வராது என்று கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சொல்லியிருந்தது. அதற்குத் தேவையானவை, அந்தத் தேவையானவற்றுக்குத் தேவையானவை என்று நூற்று எண்பத்தேழு பேக்கேஜ்கள் கூடவே வரும், சம்மதமா என்று கேட்டிருந்தது. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டிலேயே இருந்தது.

நூற்று எண்பத்தேழும் வந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இறங்கி முடித்ததும், உள்ளே இனி ஒரு எழுத்துக்கும் இடமில்லை என்று கம்ப்யூட்டர் அறிவித்தது. ஷைலா பிரிண்ட் கொடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பிரிண்டருக்கு அனுப்பும் முன் ஃபைலை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ள இடம் வேண்டுமாம்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. மறுநாள் காலை ஆறரைப் பூசையில் வாசிக்க வேண்டிய அறிவிப்புகள் அந்த ஃபைலில்தான் இருந்தன. அதில் கடைசிப் பத்தி, சாரா அக்காவின் மூன்றாம் ஓலை. அந்தப் பத்தியைச் சுற்றி ரோஜாப்பூ போட வேண்டும் என்று ஷைலாவுக்கு ஆசை வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

கோயிலில் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால், அதற்கு முன் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பூசையில் வாசிக்க வேண்டும். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பதற்காக. அதுதான் ஓலை. சாராவுக்கும் வால்பாறை மெர்வினுக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதை நாளைக்கு வாசித்தால் செவ்வாய்க்கிழமை கல்யாணம். புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணப் பேச்சே கிடையாது. மெர்வினுக்குக் கத்தாரில் வேலை. அடுத்த வாரம் விமானம் ஏறினால் இரண்டு வருஷத்துக்கு லீவு இல்லை.

வேறு பங்காக இருந்தால் ஒரு ஓலை விட்டுப்போனதை ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். இந்தப் பங்கில் முடியாது. மூன்று வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஒரு மூன்றாம் ஓலையைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்துப் புரியாததால் ஃபாதர் வாசிக்காமல் விட்டுவிட்டார். பரவாயில்லை என்று கல்யாணத்தையும் நடத்திவைத்தார். எட்டாம் நாள், மாப்பிள்ளையின் முதல் மனைவி உடுமலைப்பேட்டை பஸ்ஸில் இரண்டு குழந்தைகளோடு வந்து இறங்கினாள். அன்றிலிருந்து ஓலை அச்சில்தான் இருக்க வேண்டும், மூன்றில் ஒன்று குறைந்தாலும் கல்யாணம் இல்லை என்று ஃபாதர் சட்டம் போட்டுவிட்டார்.

ஷைலாவுக்கென்று தனியாகவும் ஒரு சட்டம் இருந்தது. கம்ப்யூட்டரில் எதையும் புதிதாக ஏற்றக் கூடாது.

அவள் பிளஸ் டூ படிக்கிறாள். சனிக்கிழமைதோறும் அறிவிப்புத் தாள் அடித்துக்கொடுப்பது அவள் பொறுப்பு. ஃபாதர் மௌனத் தியானத்துக்குப் போயிருந்தார், ஞாயிறு மதியம்தான் வருவார், போன் அணைந்திருந்தது. அது கொஞ்சம் நிம்மதியாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் என்று பங்கில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒருவர்தான். கல்யாணப் பெண்.

"என்னாச்சு கண்ணு, அழுகறயா?" என்றாள் சாரா போனில்.

"இல்லீங்க்கா. கம்ப்யூட்டர்ல ஒண்ணை ஏத்திப்போட்டேனுங்க. இப்பப் பிரிண்ட் வர மாட்டேங்குதுங்க. உங்க ஓலை அதுக்குள்ளதான் இருக்குதுங்க்கா."

அந்தப் பக்கம் கல்யாண வீட்டு இரைச்சல் மட்டும் கேட்டது. வாடகைப் பாத்திரத்தில் அண்டா ஒன்று குறைகிறது என்று யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வேற எங்கியும் காப்பி இல்லையா?"

"இல்லீங்க்கா."

"மெயில்ல, பென்டிரைவ்ல?"

"எதுலயும் இல்லீங்க்கா."

"சரி," என்றாள் சாரா. குரலில் பதற்றமே இல்லை. ஷைலாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "பயப்படாத. யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் ஒண்ணொண்ணாச் சொல்றேன், அப்படியே அடி."

சாரா சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். அங்கே என்ன செய்கிறாள் என்று பங்கில் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அவள் அம்மா இருதயம்மாள் அதைக் கம்ப்யூட்டர் தட்டுகிற வேலை என்பார். கல்யாணத்துக்கப்புறம் அதுவும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டதால், ராஜினாமா கொடுத்தாயிற்று.

முதலில் அந்தப் பூ புரோகிராமை நீக்கச் சொன்னாள் சாரா. ஷைலா நீக்கினாள். அது மறுபேச்சில்லாமல் வெளியே போனது. போகும்போது நாலு எம்.பி. இடத்தைத்தான் விட்டுவிட்டுப் போனது. கூட வந்த நூற்று எண்பத்தேழும் நகரவில்லை. கூட்டிவந்த பெரியப்பா கைகழுவிக் கிளம்பிய பிறகும் பந்தியில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் மாதிரி அவை இருந்த இடத்திலேயே இருந்தன.

அதற்கும் சாராவிடம் ஒரு வரி இருந்தது. யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களையெல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடும் கமாண்ட் அது. ஷைலா அடித்தாள். நீளமாக ஒரு பட்டியல் வந்தது, சம்மதமா என்றது. ஷைலா படிக்கலாமா என்று கேட்டாள். சாரா வேண்டாம், நேரமாகிறது என்றாள்.

நூற்று எண்பத்தேழும் போயின. கூடவே பிரிண்டர் சம்பந்தப்பட்டவையும் போயின. இத்தனை வருஷத்தில் பிரிண்டரை யாரும் பெயர் சொல்லிக் கேட்டு ஏற்றியதில்லை. அதனால் அது யாருக்கும் வேண்டாதது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டியிருந்தது. இப்போது ஃபைல் இருந்தது, இடம் இருந்தது, பிரிண்டர் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

ஷைலாவுக்கு ஒரு யோசனை வந்தது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடலாம். கந்தப்பன் அண்ணனின் ஜெராக்ஸ் கடை எட்டு மணிவரை இருக்கும்.

"போலாம், போலாம்," என்றாள் சாரா. "அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வேலை. இல்லாட்டி பென்டிரைவ்ல ஏறும்போது ஃபைல் கெட்டுப்போயிரும். அதுல பைத்தான்னு ஒண்ணு இருக்கும் பாரு. அதுதான் எல்லாத்தையும் அடைச்சுக்கிட்டு இருக்குது. அதை எடுத்துப்போடு."

ஷைலா அதைப் பாம்பு விளையாட்டு என்று நினைத்தாள். பங்கு அலுவலகத்தில் பாம்பு விளையாட்டு எதற்கு என்றும் நினைத்தாள். சாரா எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, அடித்தாள்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் சாதாரணமாகச் சம்மதம் கேட்கவில்லை. திரை இரண்டு முறை நிரம்பி வழிகிற அளவுக்குப் பெயர்களைக் காட்டியது. இவையெல்லாம் இதை நம்பி இருக்கின்றன, இது போனால் அத்தனையும் போகும், நீ செய்யப்போவது ஆபத்தானது என்று ஆங்கிலத்தில் எழுதியது. ஒய் போதாது என்றும் சொன்னது. ஆமாம், நான் சொல்கிறபடி செய் என்று முழு வாக்கியமாக அடிக்க வேண்டுமாம்.

பீடத்துக்கு முன் நின்று வாக்குறுதி கொடுப்பவளைப் போல ஷைலா அந்த வாக்கியத்தை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. வேலையை நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி வந்தது.

"வேண்டாங்குதுங்க்கா. விட்டுரலாங்களா?"

"கடைசில ஒரு ஆச்சரியக்குறி இருக்குதா பாரு கண்ணு."

இருந்தது. ஷைலா அதை அடிக்காமல் விட்டிருந்தாள்.

"அதையும் சேர்த்து அடி."

சேர்த்து அடித்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஓடின. முதலில் மூலையிலிருந்த கடிகாரம் போனது. பிறகு ஐகான்கள் போயின. ஃபாதர் ஆசையாக வைத்திருந்த நல்மேய்ப்பர் படம் போனது, ஆடுகளோடு. பிறகு திரை முழுக்கக் கறுப்பானது.

"இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டாள் சாரா.

"ஒண்ணுமே தெரியலீங்க்கா. கறுப்பா இருக்குதுங்க. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்குதுங்க."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"இல்லீங்க்கா."

சாரா நீளமாக ஒரு மூச்சு விட்டது போனில் கேட்டது. ஷைலா அதை ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அழுகைக்கு நடுவில் அவளுக்கு இன்னொரு வழி தோன்றியது. மேசை டிராயரில் சாராவின் கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதிலேயே எல்லாப் பெயரும் இருக்கும். கந்தப்பன் அண்ணன் கடையில் உட்கார்ந்து ஓலையைப் புதிதாக அடித்துவிடலாம். ஆறேமுக்கால்தான் ஆகிறது. இதை அவள் சொன்னதும் சாரா முதல் முறையாக அவசரப்பட்டாள்.

"கடைக்குப் போகாத. பத்திரிகையில மெர்வின்னு மட்டும்தான் போட்டிருக்குது. ஞானஸ்நானப் பேர் வேற. பேர் தப்பா வாசிச்சா அந்த ஓலை செல்லாது. நானே எழுதி எடுத்துக்கிட்டு நேர்ல வாரேன். நீ அங்கயே இரு."

ஷைலா அங்கேயே இருந்தாள். ஏழு மணி அடித்தது. ஏழரைக்குப் பாடகர் குழு பயிற்சி முடித்துவிட்டுப் போனது. போகும்போது ஒருவர் ஜன்னலில் எட்டிப்பார்த்து, இன்னும் வேலையா அம்மணி என்று கேட்டார். ஷைலா மானிட்டரைத் தன் துப்பட்டாவால் மூடிவிட்டு, ஆமாங்க என்றாள். பதில் சொல்லும்போது கறுப்புத் திரையில் அந்தக் கோடு துப்பட்டாவுக்குள்ளிருந்தும் மினுக்கியது.

எட்டு இருபதுக்குத் தங்கையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சாரா வந்து சேர்ந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. காயவில்லை என்பதால் கீபோர்டைத் தொட முடியாது. பெயர் எழுதிய சீட்டைத் தங்கைதான் நீட்டினாள். மெர்வின் சவரிராஜ் அந்தோணி என்று இருந்தது. ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

சாரா கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு மருதாணி படாமல் புறங்கையால் ஷைலாவின் தலையைத் தடவினாள்.

"சாப்பிட்டயா?" என்று கேட்டாள்.

ஷைலாவுக்கு அது பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அறிவிப்புகள் மொத்தத்தையும் அவள் நினைவிலிருந்து கையால் எழுதினாள். ஓலையை மட்டும் தனித்தாளில், அச்செழுத்து மாதிரியே, ஸ்கேல் வைத்து எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நின்றது. காலையில் ஆறு மணிக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டு உபதேசியார் ஞானமுத்துவிடம் போனாள். வாசிக்க வேண்டிய தாள்களைப் பீடத்துக்கு எடுத்துப்போய் வைப்பது அவர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஓலைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அச்சு மாதிரியே எழுதியிருக்கற."

"ஆமாங்க தாத்தா."

"ஆனா அச்சு இல்லயே அம்மணி."

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க. இந்த ஒரே தடவைங்க."

"உடுமலைப்பேட்டைக்காரிக்கு அன்னிக்குச் சோடா வாங்கிக் குடுத்தது நான்தான்," என்று சொல்லிவிட்டு, ஞானமுத்து அதை மட்டும் நாலாக மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

ஃபாதருக்குப் பதிலாகப் பூசை வைக்கக் கருமத்தம்பட்டியிலிருந்து வயதான சாமியார் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு இந்த ஊரில் யாரையும் தெரியாது. தாளில் இருப்பதை வாசித்தார். சாம்பல் புதன் பூசை நேரம் வாசித்தார். பைக் நிறுத்துமிடம் வாசித்தார். யாரோ விட்டுப்போன நீலக் குடையைப் பற்றி விவரமாக வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியை உறையில் போட்டார்.

மூன்றாவது பெஞ்சில் இருதயம்மாள் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து நிற்கும் நேரம் அது என்பதால் முதலில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. இறுதி ஆசீர் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோதும் அவர் நின்றுகொண்டே இருந்தார்.

மதியம் ஃபாதர் தியானம் முடிந்து காரிலிருந்து இறங்கினார். ஆறு நாள் பேசாமல் இருந்தவர் முதலில் பேசிய வார்த்தை, முடியாது என்பது. மாப்பிள்ளையின் அம்மா வால்பாறையிலிருந்து போனிலேயே பேசினார். ஒரு ஓலைக்கு மட்டும் விலக்கு வாங்கலாமே என்றார். விலக்குக்கு ஆயர், அதாவது பிஷப், சம்மதிக்க வேண்டும். ஆயர் சம்மதிக்க ஃபாதர் கடிதம் வேண்டும். ஃபாதர் கடிதம் கொடுக்க மூன்று ஓலையும் வாசித்திருக்க வேண்டும். மூன்று ஓலையும் வாசித்திருந்தால் விலக்கே வேண்டாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இது விளங்க ஒரு மணி நேரம் ஆனது. விளங்கியதும், ஒரு ஓலையைக் காப்பாத்தத் துப்பில்லாத ஊரில் இருந்து பெண்ணெடுக்க முடியாது என்றார். ஈஸ்டர் வரை காத்திருக்க மகனுக்கு லீவும் இல்லை, தனக்கு மனசும் இல்லை என்றார். மாலை நாலு மணிக்குக் கல்யாணம் நின்றுவிட்டது.

அலுவலக வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். ஷைலா நடுவில் போய் நின்றாள்.

"நான்தானுங்க ஃபாதர். சொல்லாம ஒண்ணை ஏத்திப்போட்டேனுங்க. பூ போடறதுக்குங்க."

ஃபாதர் வாயைத் திறப்பதற்குள் சாரா முன்னால் வந்துவிட்டாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.

"அவ மேல தப்பில்லீங்க ஃபாதர். அவ ஏத்தினது பெரிய விஷயமே இல்லீங்க. சரி பண்றேன்னு போன்ல சொன்னது நானுங்க. நான் சொன்னதுல எல்லாமே போயிருச்சுங்க. திட்டறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

இருதயம்மாள் ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் பஸ் ஏறிப் போய் வந்து இதுதான் படித்தாளா என்றார். ஒரு பெட்டியைச் சரிசெய்யத் தெரியாதவளுக்கு ஐ.டி. கம்பெனியில் என்ன வேலை, டீ ஆற்றுகிறாளா என்று கேட்டார். தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொண்ட பெண்ணை இந்தக் கோயமுத்தூரில் பார்த்ததுண்டா என்று கூட்டத்தைக் கேட்டார். சாரா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஆபீஸிலிருந்து ஒரு ஆளை அனுப்புகிறேன் என்று மட்டும் ஃபாதரிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலம் முழுக்க ஷைலா சாப்பிடவில்லை. மற்றவர்கள் முன்னால் தன்னை விட்டுக்கொடுக்காமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்ட அக்காவின் வாழ்க்கையை, ஒரு ரோஜாப்பூவுக்காக அழித்துவிட்டோம் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை சாரா ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டாள் என்று சொன்னார்கள். அன்று மாலையே அருண்குமார் என்ற இளைஞன், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு பைக்கில் வந்து இறங்கினான். ஷைலா பள்ளிச் சீருடையோடு பக்கத்தில் நின்றாள். அவன் ஒரு பென்டிரைவைச் செருகி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏதேதோ அடித்தான். நாற்பது நிமிஷத்தில் கடிகாரம் வந்தது, ஐகான்கள் வந்தன, நல்மேய்ப்பரும் ஆடுகளும் வந்தார்கள். ஃபைல் போகவே இல்லையாம். உள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது. மூன்றாம் ஓலை, பெயர் பிசகாமல் திரையில் நின்றது. பிரிண்டரும் ஒரு தடவை இருமிவிட்டு எழுந்துகொண்டது.

பிறகு அவன், நடந்ததெல்லாம் பதிவாகியிருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்தான். பாட்டு நின்றது.

"ஏனுங்க பாப்பா, பைத்தானை எடுக்கச் சொன்னது யாருங்க?"

"சாரா அக்காதானுங்க. பாவங்க, அவங்களுக்கு லினக்ஸ் அவ்வளவாத் தெரியாதுங்க. தெரியாமச் சொல்லிப்போட்டாங்க."

அருண்குமார் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான்.

"எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்களுக்கெல்லாம், பைத்தானை மட்டும் தொட்டுராதீங்கன்னு முதல் நாளே கிளாஸ் எடுக்கறது சாரா மேடம்தானுங்க."